பட்டர்வொர்த் தம்பி ஒருவர் எழுதிய சதுரங்க எஞ்சின்: ஆறு வாரம் ஆடிப் பார்த்தேன்

பலமான எஞ்சின், அதாவது தானே யோசித்துச் சதுரங்கம் ஆடும் கணினி நிரல், மட்டும்தான் வேண்டும் என்றால் ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறது. இலவசம், கைப்பேசியிலேயே ஓடும், உலகச் சாம்பியனே வந்தாலும் அதனிடம் தோற்பார். நான் எழுதப்போவது வேறு ஒன்றைப் பற்றி. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி, பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாசில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சி மொழியில் எழுதிய எஞ்சின் அது. இன்னும் பெயர் வைக்கவில்லை. கோப்பின் மேல் பதிப்பு 17 என்று மட்டும் இருக்கிறது, அதனால் நாங்கள் எல்லோரும் அதைப் பதினேழு என்றே கூப்பிடுகிறோம்.

நான் சனிக்கிழமை காலைகளில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். அங்கே எனக்கு ரொம்ப நாளாக ஒரு சிக்கல். ஸ்டாக்ஃபிஷ் ஒரு நகர்வைக் காட்டும், பக்கத்தில் ஒரு மதிப்பெண் காட்டும், பிள்ளை நிமிர்ந்து பார்த்து "ஏன் சார்?" என்று கேட்கும், என்னிடம் பதில் இருக்காது. பலத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் மோசம், இருபது நகர்வு வரை பெரிய ஆட்டக்காரர் மாதிரி ஆடிவிட்டுத் திடீரென்று காரணமே இல்லாமல் ஒரு காயைத் தூக்கிக் கொடுக்கும், ஏனென்றால் குறைந்த நிலையில் அது வேண்டுமென்றே சீட்டுக் குலுக்கிச் சற்று மட்டமான நகர்வை எடுக்கிறது. பதினேழு அப்படிச் செய்வதில்லை. ஆழம் 2 என்று வைத்தால் இரண்டு அரை நகர்வு (ஒருவர் ஒரு முறை ஆடுவது ஒரு அரை நகர்வு) தூரம் வரை தெரிந்ததை வைத்து உண்மையாகவே யோசித்து ஆடும், தவறினால் அந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைப் பத்து வயதுப் பிள்ளையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆறு வாரம் ஆடிப் பார்த்த பிறகும் எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது இதுதான்.

நிறுவுவது சுலபம். ஒரே ஒரு சின்னக் கோப்பு. பலகை, காய் படம் எதுவும் அதற்குள் இல்லை, அரீனா அல்லது கியூட் செஸ் போன்ற இலவச இடைமுகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டு ருடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும் வகுத்த, எஞ்சினும் இடைமுகமும் பேசிக்கொள்ளும் யுசிஐ என்ற பேச்சுமுறையை இது புரிந்துகொள்கிறது, எனவே எங்கும் ஒட்டிக்கொள்ளும். என் பழைய மடிக்கணினியில் வினாடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் நிலைகளைப் பார்க்கிறது. 1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்ற ஐபிஎம் கணினி டீப் புளூ வினாடிக்கு இருபது கோடி பார்த்தது. ஒரு ஆள் வீட்டு வரவேற்பறையில் எழுதியதற்குப் பத்து லட்சம் எனக்குத் தாராளம்.

முதல் வேலையாக விதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. தொடக்க நிலையிலிருந்து எத்தனை வழிகளில் ஆட்டம் போகலாம் என்று எண்ணச் சொல்ல வேண்டும்: ஒரு அரை நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நான்குக்கு 197,281, ஐந்துக்கு 4,865,609, ஆறுக்கு 119,060,324. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை. பதினேழு ஆறு வரைக்கும் அப்படியே சொன்னது. தம்பியிடம் இதைச் சொன்னபோது ஒரு மாதக் கதை ஒன்று வந்தது. இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, அது தாண்டிய கட்டத்துக்குப் போய் வெட்டும் 'என் பாசான்' (en passant) வெட்டில் ஒரே வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்கள் ஒரே சமயத்தில் மறைந்து, பக்கவாட்டில் நிற்கும் யானை ராஜாவுக்கு நேரே செக் வைத்துவிடும், அந்த ஒரு நிலையை விட்டுவிட்டதால் கணக்கு எங்கோ இடறிக்கொண்டே இருந்ததாம். "முப்பது நாள் அண்ணே, கடைசியில் ஆறு வரி" என்றார்.

சரி, நகர்வுகளை முன்னோக்கிப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் தேடலுக்கு வருவோம், இந்த எஞ்சினின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நடு ஆட்டத்தில் ஒரு நிலைக்குச் சராசரியாக 35 நகர்வுகள் என்று வைத்துக்கொண்டால் நான்கு அரை நகர்வு ஆழத்துக்கு 35-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், 1,500,625 நிலைகள் வரும். ஆல்ஃபா-பீட்டா என்ற முறையில் அத்தனையையும் பார்க்கத் தேவையில்லை. எனக்கு ஏற்கெனவே சமநிலை தரும் நகர்வு ஒன்று கையில் இருக்கிறது. இன்னொரு நகர்வை யோசிக்கிறேன், அதற்கு எதிராளியின் முதல் பதிலே என் ராணியைத் தூக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அவனுடைய மற்ற 34 பதில்கள் எப்படி இருந்தால் எனக்கென்ன, அந்த நகர்வு கழிந்துபோயிற்று. நாமும் இப்படித்தானே ஆடுகிறோம். எல்லாம் கூடி வந்தால் அந்த 1,500,625 வெறும் 2,449-ஆகச் சுருங்கிவிடும்.

எல்லாம் கூடி வந்தால் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பொருள் ஒவ்வொரு நிலையிலும் சிறந்த நகர்வை முதலிலேயே எடுத்துப் பார்ப்பது. மோசமானதை முதலில் பார்த்தால் எதுவும் கழியாது. அதனால் நகர்வுகளை வரிசைப்படுத்துவதில் தம்பி போட்டிருக்கும் உழைப்புதான் எனக்கு இந்த எஞ்சினில் ரொம்பப் பிடித்தது. முன்பு இதே நிலையில் சிறந்ததாக நினைவில் வைத்த நகர்வு முதலில், பிறகு வெட்டுகள், அதிலும் பெரிய காயைச் சிறிய காயால் வெட்டுவது முன்னால், அப்புறம் பக்கத்துக் கிளையில் எதிராளியைக் கவிழ்த்த, வெட்டு இல்லாத அமைதியான நகர்வுகள் இரண்டு, அதற்குப் பிறகு மற்றவை, அவற்றின் பழைய சாதனைக் கணக்கின்படி. இந்த ஒவ்வொன்றையும் அமைப்புப் பக்கத்தில் ஒரு டிக் எடுத்து அணைத்து வைக்கலாம். இப்படி ஒரு வசதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு நடு ஆட்ட நிலையை வைத்து ஆழம் 7 என்று கொடுத்தேன், சில வினாடிகளில் முடிந்தது. வரிசைப்படுத்தலை மொத்தமாக அணைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். மாமாக் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன், தே தாரிக் சொல்லி, வந்து, குடித்து முடித்தும் அது ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறையும் தேர்ந்தெடுத்த நகர்வு ஒன்றே, செலவழித்த நேரம்தான் வேறு. இதை வகுப்பில் பெரிய திரையில் காட்டியபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து முன்னால் வந்தார்கள்.

பழைய பதிப்புகளையும் அதே கோப்புறையில் விட்டு வைத்திருக்கிறார், அதற்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும். பதிப்பு 3-இல் அமைதித் தேடல் கிடையாது, அதாவது ஆழம் 4 என்றால் நாலாவது அரை நகர்வோடு பார்வை அறுந்துவிடும். அந்த நாலாவது நகர்வு ராணியால் ஒரு சிப்பாயை வெட்டுவதாக இருந்தால் ஒரு சிப்பாய் லாபம் என்று எழுதிக்கொள்ளும், அடுத்த நகர்விலேயே அந்த ராணியை ஒரு குதிரை தின்னப்போவது அதற்குத் தெரியாது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆட்டம்தான் ஆனது. பதினேழு ஆழம் முடிந்த இடத்தில் நிற்காமல் வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போகிறது, வெட்ட ஒன்றும் இல்லை அல்லது வெட்டாமல் இருப்பதே மேல் என்று ஆன பிறகுதான் மதிப்பெண் போடுகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியான தன் கட்டுரையிலேயே சொன்ன விஷயம்தான், கொந்தளிப்பான நிலையில் மதிப்பிடக் கூடாது என்று. ஆனால் ஒரே ஆளின் பதிப்பு 3-ஐயும் 17-ஐயும் மோதவிட்டுப் பார்க்கும்போதுதான் அது மண்டையில் ஏறுகிறது.

அதற்காக, பார்க்கும் ஆழத்துக்கு அப்பால் நடப்பது தெரியாமல் போகும் தொடுவானப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மந்திரியை ஏ7 வரை அனுப்பி ஓர் ஓரச் சிப்பாயை வெட்டிவிட்டு, எதிராளி பி6 என்று சிப்பாயை நகர்த்தியதும் மாட்டிக்கொள்ளும் அந்தப் பழைய கண்ணியில் பதினேழு இன்னும் விழுகிறது. மந்திரி போகப்போவது தெரிந்தாலும் நடுவில் ஒரு செக், ஒரு சிப்பாய் மிரட்டல் என்று செருகிச் செருகி இழப்பைப் பார்வைக்கு வெளியே தள்ளிவிட்டு, இழப்பே இல்லை என்று நம்பிக்கொள்கிறது. எங்கள் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இதை வைத்தே இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். ஏ7-இல் மாட்டும் மந்திரிக்குத் தனியாக மதிப்பெண் குறைக்கச் சொல்லித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன், பல எஞ்சின்கள் அப்படித்தான் சமாளித்திருக்கின்றன.

நினைவகம் பற்றி. ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பது வீண். 1970-இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் சொன்ன முறைதான் இங்கேயும்: 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், ஆக 768 எண்கள், அவற்றோடு யார் ஆட வேண்டும் என்பதற்கு 1, கோட்டை கட்டும் உரிமைகளுக்கு 4, என் பாசான் பத்திகளுக்கு 8, மொத்தம் 781 சீரற்ற எண்கள். இவற்றைச் சேர்த்துப் பிசைந்து நிலைக்கு ஓர் அடையாள எண் உண்டாக்கி, அந்த எண்ணின் கீழ் முடிவை எழுதி வைக்கிறது. ஒரு காய் நகர்ந்தால் அடையாளம் முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டாம், பழைய கட்டத்தின் எண்ணைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும்.

இது எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் ஃபைன் 70 என்று எஞ்சின்காரர்கள் கூப்பிடும் நிலையை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. எல்லாச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, ராஜாக்கள் மட்டும்தான் நடக்க முடியும். வெள்ளை ஜெயிக்க வேண்டும், ராஜா பி1-க்குப் போக வேண்டும், அது ஏன் என்று வெறும் கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பல அரை நகர்வுகளுக்குப் பின்தான் பலன் வருகிறது. ராஜாக்கள் ஒரே கட்டங்களில் திரும்பத் திரும்ப வந்து நிற்பதால் நினைவகம் இங்கே அபாரமாக வேலை செய்கிறது. பதினேழு சில வினாடிகளில் பி1 என்றது. நினைவகத்தை அணைத்தேன், கால் மணி நேரம் காத்திருந்து நானே நிறுத்திவிட்டேன். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை, அந்த நிலையைப் பலகையில் வைத்து நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல் மூவ் (null move, வெற்று நகர்வு) என்ற உத்தியும் இருக்கிறது. என் முறையை நானே விட்டுக்கொடுத்து எதிராளியை இரண்டு தடவை ஆடவிட்டும் நான் நன்றாகவே இருக்கிறேன் என்றால், முறையாக ஆடினால் இன்னும் நன்றாகத்தானே இருப்பேன், அந்தக் கிளையைத் தோண்ட வேண்டாம் என்று கழிப்பது. நேரம் ஏராளமாக மிச்சமாகும். ஆனால் ஆடாமல் இருப்பதே நல்லது என்ற நிலைகள் சதுரங்கத்தில் உண்டு. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா எஃப்4, சிப்பாய் இ5 என்று வையுங்கள், யார் ஆட வேண்டுமோ அவர் தன் சிப்பாயை இழந்து தோற்பார். பதிப்பு 14 இப்படி ஒரு நிலைக்குள் தானாகவே நடந்து போய்த் தோற்றதை நான்தான் தம்பியிடம் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, "ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சம் இருந்தால் அதை நிறுத்திவிட்டேன் அண்ணே, இப்போது வைத்துப் பாருங்கள்" என்று செய்தி வந்தது. இப்போது விழுவதில்லை. வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் மட்டும் பார்ப்பதும் உண்டு, அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

மதிப்பெண் போடும் பகுதி பலவீனம். சிப்பாய் 100, குதிரை 320, மந்திரி 330, யானை 500, ராணி 900, அப்புறம் எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எவ்வளவு கூடுதல் என்ற அட்டவணை, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ராஜாவின் பாதுகாப்பு பற்றி அதற்கு எதுவும் தெரியாது, எதிராளியின் சிப்பாய்கள் புயல் மாதிரி தன் ராஜாவை நோக்கி வரும்போது அது மறுபக்கத்தில் ஒரு சிப்பாயைத் தின்னப் போயிருக்கும். திறப்பு ஆட்டத்துக்கு நூலகமும் இல்லை. முதலில் குதிரைகளை வெளியே எடுப்பது அதற்குப் பிடிக்கும். ஆழத்தை நிலையாக வைத்தால் ஒரே நகர்வுகளுக்கு ஒரே பதிலைத்தான் தரும். இதை ஒரு பையன் கவனித்து, தான் ஜெயித்த ஆட்டத்தை நோட்டில் எழுதி வைத்து மூன்று வாரம் அதையே ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தான். முதல் சில நகர்வுகளிலாவது சமமான நகர்வுகளுக்குள் மாற்றி மாற்றி எடுக்க ஒரு வழி வேண்டும்.

எனக்குக் கோபமே வந்த குறை ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு எதிராக ராஜாவும் யானையும் எஞ்சிய ஆட்டம், எதிரில் தனி ராஜா, திரையில் மேட் தெரிகிறது என்று காட்டிக்கொண்டே யானையை அங்கும் இங்கும் நகர்த்தி ஐம்பது நகர்வு விதியில் டிரா செய்துவிட்டது. மோசமான இடத்திலிருந்து ஆரம்பித்தாலும் அந்த இறுதியாட்டத்தை 16 நகர்வில் முடிக்கலாம். காரணம் நினைவகத்தில் இருக்கிறது. மேட் எத்தனை நகர்வில் என்ற கணக்கை ஆட்டத்தின் தற்போதைய நிலையிலிருந்து எண்ணி அப்படியே எழுதி வைக்கிறது. பிறகு வேறொரு தூரத்திலிருந்து அதே நிலைக்கு வந்து படிக்கும்போது அந்தக் கணக்கு பொய்யாகிவிடுகிறது, எல்லா வழியும் ஒரே தூரம் மாதிரி தெரிகிறது, எஞ்சின் நகராமல் சுற்றுகிறது. எழுதும்போது தூரத்தைக் கூட்டி, படிக்கும்போது கழிக்க வேண்டும். சின்னத் திருத்தம், ஆனால் இது இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு இறுதியாட்டம்தான் முதல் பாடம்.

இன்னொன்று, இது விண்டோஸ் கணினியில் மட்டும்தான் ஓடுகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கைப்பேசிதான் இருக்கிறது, அதுவும் அம்மாவுடையது. கைப்பேசிக்கு ஒரு பதிப்பு வரவில்லை என்றால் இந்த எஞ்சின் சனிக்கிழமை காலையோடு நின்றுவிடும், வீட்டுக்குப் போகாது.

தம்பி சோதிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஒரு மாற்றம் செய்தால் புதிய பதிப்பையும் பழையதையும் நூற்றுக்கணக்கான வேக ஆட்டங்கள் மோதவிடுகிறார், ராத்திரி ஷிஃப்ட் போகும்போது கணினியை ஓடவிட்டுப் போய்விடுவார். 55 சதவீதம் ஜெயித்தால் ஆட்டப் பலத்தை அளக்கும் எலோ கணக்கில் ஏறத்தாழ 35 புள்ளி முன்னேற்றம். இருபது ஆட்டத்தில் பன்னிரண்டு ஜெயித்தது என்று யாராவது சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை, காசு சுண்டினாலும் அப்படி வரும். ஸ்டாக்ஃபிஷ் 2013 முதல் தன்னார்வலர்களின் கணினிகளில் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆயிரக்கணக்கில் ஆடவிட்டுத்தான் சேர்க்கிறது. இவரிடம் இருப்பது ஒரே ஒரு கணினி, ஆனால் ஒழுக்கம் அதேதான். நன்றாக இருக்கும் என்று மனதுக்குத் தோன்றிய மூன்று யோசனைகளை ஆட்ட முடிவு பார்த்துத் தூக்கி எறிந்திருக்கிறார், அவற்றையும் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

நிரலின் குறிப்புகள் முழுவதும் தமிழில் இருக்கின்றன, அதைப் படிப்பதே தனிச் சுகம். தமிழில் ஒரு சங்கடம் உண்டு, காயை வெட்டுவதும் வெட்டு, கிளையை வெட்டுவதும் வெட்டு. முதல் பதிப்புகளில் இரண்டும் கலந்து கிடக்க எனக்குத் தலை சுற்றியது. பிறகு கிளையைக் கழிப்பதற்குக் கவாத்து என்று எழுத ஆரம்பித்திருக்கிறார். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா சொல்லும் வார்த்தையாம். எவ்வளவு பொருத்தம்! இன்று எங்கள் வகுப்பில் பிள்ளைகள் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டு "இதைக் கவாத்துப் பண்ணிடலாம் சார்" என்கிறார்கள்.

விலை கிடையாது. தேநீர்க் காசுகூட வாங்க மாட்டேன் என்கிறார், நிரலையும் சேர்த்தே தருகிறார். சதுரங்கம் சொல்லித் தருபவர்கள், நிரல் எழுதக் கற்கும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள், இவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மதிப்பீடு பலமான எஞ்சின் வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது பதிப்பு 18 வந்திருக்கிறது. உடனே யானை இறுதியாட்டத்தை வைத்தேன், 14 நகர்வில் மேட். மந்திரியும் குதிரையும் கொடுத்தேன், ராஜாவை மூலைக்கு ஓட்டத் தெரிகிறது, ஆனால் மந்திரியின் நிறம் இல்லாத மூலைக்கு ஓட்டிவிட்டு நிற்கிறது. தம்பிக்கு நிலையை அனுப்பிவிட்டேன். ராத்திரி ஷிஃப்ட்டில் இருக்கிறார், காலையில் பார்ப்பார்.